டி-மேக்ஸ் வி-கிராஸில் கூடுதல் டீசல் வடிகட்டி: பதினாறு மாத அனுபவம்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, இடுக்கி மாவட்டத்திலுள்ள எங்கள் ஏலத்தோட்டத்துக்கு வாரம் மூன்று முறை போய்வரும் 2017 மாடல் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப் வண்டியில், கம்பெனி பொருத்தியிருக்கும் டீசல் ஃபில்டருக்கு முன்னால் நீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தினேன். அதற்குப் பிறகு பதினாறு மாதங்களும் ஏறத்தாழ 31,000 கிலோமீட்டரும் ஓடிவிட்டன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேரலிலோ கேனிலோ டீசல் சேர்த்துவைத்து வண்டிக்கு ஊற்றுகிறவர்கள் இதை அவசியம் வாங்க வேண்டும். கூட்டம் மிகுந்த, சரக்கு தேங்காத பங்கில் மட்டும் டீசல் அடித்து ஊருக்குள் ஓட்டுகிறவர்களுக்கு இது தேவையில்லை. அவர்கள் கம்பெனி ஃபில்டரைக் காலத்தில் மாற்றினாலே போதும். இதைப் பொருத்தினால் இழுவை கூடும், மைலேஜ் கூடும் என்று கடைகளில் சொல்வார்கள். என் வண்டியில் இரண்டுமே கூடவில்லை, கூடுவதற்கான காரணமும் இதில் இல்லை.

நான் வாங்கியது கோயம்புத்தூரில் கிடைத்த 30 மைக்ரான் முன்வடிகட்டி (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மேலே அலுமினியத் தலை, அதில் கையால் அழுத்தும் பம்ப், நடுவே திருகிக் கழற்றக்கூடிய எலிமென்ட் (டீசலை வடிக்கும் பகுதி), அடியில் கண்ணாடிபோல் தெரியும் கிண்ணம், கிண்ணத்தின் அடியில் தண்ணீரை வடிக்கும் திருகு, தண்ணீர் மட்டம் உயர்ந்தால் ஒலி எழுப்பும் சென்சார் என்பவை அதில் அடங்கும். பார்க்கர் ராக்கோர், மான்-ஹம்மல் போன்றவர்கள் லாரிகளுக்கும் படகுகளுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் நெடுங்காலமாகச் செய்துவரும் வகைதான் இது. நான் வாங்கியது அவர்களுடையதன்று, விலை குறைந்த ஒன்று. எந்தக் கம்பெனி என்பதைவிட எந்த வகை, எத்தனை மைக்ரான், எங்கே பொருத்துவது என்பவையே பயனைத் தீர்மானிப்பதால், அவற்றைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன். தொகுதிக்கு 7,400 ரூபாயும், ஹோஸ், பிராக்கெட், பட்டறைக் கூலி எல்லாம் சேர்த்து மேலும் 2,600 ரூபாயும் ஆயின.

இதை வாங்க நேர்ந்ததற்குக் காரணம் எங்கள் தோட்டத்து டீசல் பேரல். கோடையில் செடிகளுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினுக்காக 200 லிட்டர் பேரல் ஒன்றை ஷெட்டுக்கு வெளியே நிறுத்திவைத்திருந்தோம்; வண்டியில் டீசல் குறைந்தால் அதிலிருந்தே ஊற்றிக்கொள்வோம். நிமிர்த்தி வைத்த பேரலின் தலைப்பகுதி சற்றுக் குழிந்திருப்பதால் மழைத்தண்ணீர் அங்கே தேங்கும். பகலில் டீசலும் அதன் மேலுள்ள காற்றும் சூடேறி விரியும்போது மூடியின் மரை வழியே காற்று வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, மூடியை எவ்வளவு இறுக்கியிருந்தாலும், அதே மரை வழியே தேங்கிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இழுக்கப்படும். பனியும் சாரலும் ஓயாத மலைப்பகுதியில் பாதி காலியான பேரலின் உட்சுவரில் ஈரம் படிவது இதற்கும் மேல். தண்ணீர் டீசலைவிடக் கனமானது என்பதால் அது அடியில் போய்த் தங்கும். கைப்பம்பின் குழாயும் அடிவரைக்கும் இறங்கியிருக்கும். தண்ணீரும் டீசலும் சேரும் எல்லையில் நுண்ணுயிர்கள் பெருகிக் கறுப்புப் பாசிபோல் வழவழப்பு உண்டாகும் என்பதைப் பேரலைக் கவிழ்த்துப் பார்த்த பிறகே அறிந்தேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் ஏறிய நிலையில் டேஷ்போர்டில் ஃபில்டர் விளக்கு எரிந்தது. தோட்டம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டியது என் பிழை. மேலும் இரண்டு வளைவுகளில் இழுவை போய், புகை கக்கி, வண்டி நின்றுவிட்டது. தேனியில் ஸ்கேனர் போட்டபோது ரெயில் அழுத்தம் குறைவு என்ற பி 0087 கோளாறு பதிவாகியிருந்தது; எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கு அழுத்தத்தோடு டீசலைத் தரும் குழாய்தான் ரெயில். கம்பெனி ஃபில்டரிலிருந்து வடித்ததில் முக்கால் டம்ளர் தண்ணீர் வந்தது. அந்த ஃபில்டர் தன்னால் இயன்ற அளவு பிடித்துவைத்திருக்கிறது, எச்சரிக்கையும் கொடுத்திருக்கிறது. அதற்கு மேல் வந்த தண்ணீரை அது என்ன செய்யும்? நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றிச் சோதித்ததில் இரண்டை மாற்ற வேண்டியதாயிற்று. டேங்க் கழுவியது, கூலி எல்லாமாக ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டியது.

இந்த எஞ்சினில் டீசல் போகும் வழியைத் தெரிந்துகொண்டால், முன்வடிகட்டி ஏன் இந்த இடத்தில், ஏன் இந்த அளவில் இருக்க வேண்டும் என்பது விளங்கும். 2,499 சி.சி. கொண்ட 4ஜேகே1 எஞ்சினில் டென்சோவின் ஹெச்.பி.3 என்ற உயர் அழுத்தப் பம்ப் இருக்கிறது. அதற்குள்ளேயே அமைந்த சிறிய சுழல் பம்ப் ஒன்று டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுகிறது. டேங்கிலிருந்து டீசலைத் தள்ளிவிட வேறு மின் பம்ப் இல்லை. அதனால் டேங்குக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள குழாய், ஃபில்டர், இணைப்பு எல்லாமே உறிஞ்சும் பக்கத்தில் இருப்பவை. அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். உறிஞ்சப்பட்ட டீசலை அந்தப் பம்ப் 1,800 பார் அழுத்தம்வரை ஏற்றி ரெயிலுக்கு அனுப்பும். சக்கரத்தில் நாம் அடிக்கும் காற்று 35 பி.எஸ்.ஐ. என்றால், இது ஏறத்தாழ 26,000 பி.எஸ்.ஐ. அந்த அழுத்தத்தைத் தாங்கும் பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும். இவ்வளவு நெருக்கமாக உரசும் பாகங்களுக்கு எண்ணெயாக இருப்பதும் அதே டீசல்தான். தண்ணீர் அங்கே போய்விட்டால் அந்த மெல்லிய எண்ணெய்ப் படலம் அறுந்து, இரும்பும் இரும்பும் நேராக உரசும். வண்டி நான்கு நாள் நின்றால் துருவும் சேர்ந்துகொள்ளும். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கப்படும் பி.எஸ். 6 டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு) அளவுக்குக் குறைக்கப்பட்டுவிட்டது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயல்பான வழுவழுப்பும் குறைவதால், அதை ஈடுசெய்யச் சேர்மானம் கலந்துதான் விற்கிறார்கள். தண்ணீருக்கு விட்டுக்கொடுக்க அதில் மிச்சம் ஏதும் இருப்பதாக நான் கருதவில்லை.

கடையில் எனக்கு முதலில் எடுத்துக் காட்டியது 2 மைக்ரான் எலிமென்ட். “சார், எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு பாதுகாப்பு” என்றார்கள். கேட்பதற்குச் சரியாகத் தோன்றும் இந்தப் பேச்சுத்தான் பலருடைய வண்டியைக் கெடுக்கிறது. இவ்வகை முன்வடிகட்டிகளுக்குப் பொதுவாக 2, 10, 30 மைக்ரான் என்ற மூன்று அளவுகளில் எலிமென்ட் கிடைக்கும். உறிஞ்சும் பக்கத்தில் 2 மைக்ரான் எலிமென்டைப் பொருத்தினால், ஆறு மாதத்தில் அது அடைபடத் தொடங்கும்போது பம்ப் மூச்சுத் திணறும். உறிஞ்சுதல் என்று நாம் சொல்வது உண்மையில் டேங்கிலுள்ள டீசலை வெளிக்காற்றின் அழுத்தம் தள்ளிவிடுவதே. போடிமெட்டு கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கும் மேல். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் அடைப்பைத் தாங்கிக்கொண்டு ஓடும் வண்டி மலையில், அதுவும் லோடோடு ஏறி அதிக டீசல் கேட்கும் நேரத்தில், தடுமாறுவதற்கு இதுவும் காரணம். எனவே நுண்ணிய துகள்களைப் பிடிக்கும் வேலையைக் கம்பெனி ஃபில்டரிடமே விட்டுவிட்டு, தண்ணீரையும் பெரிய அழுக்கையும் முன்கூட்டியே நிறுத்துவதற்கு மட்டும் 30 மைக்ரானைத் தேர்ந்தெடுத்தேன். இந்த முடிவில் எனக்கு இன்றுவரை மனக்குறை இல்லை.

அமெரிக்கப் பிக்கப்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கம்பெனி ஃபில்டரையே கழற்றிப் போட்டு, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் இரண்டு பெரிய 2 மைக்ரான் ஃபில்டர்களைப் பொருத்த நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். செவ்ரொலே சில்வராடோவில் 2001 மாடலில் வந்த 6.6 லிட்டர் டூராமேக்ஸ் எஞ்சினும் நம் வண்டியைப் போலவே டேங்கிலிருந்து உறிஞ்சிக்கொள்வதுதான். 2017 மாடலில்தான் டேங்குக்குள் மின் பம்ப் வந்தது. அதனால் பழைய வண்டிக்காரர்கள் மின் பம்போடு சேர்ந்த பெரிய ஃபில்டர் தொகுதியைச் சேஸிஸில் பொருத்துகிறார்கள். டீசலைத் தள்ளிவிடப் பம்ப் இருப்பதால் நுண்ணிய ஃபில்டரும் அங்கே தாங்கும். பம்பை விட்டுவிட்டு ஃபில்டரை மட்டும் பார்த்துப் பின்பற்றுவது தவறு. கம்பெனி ஃபில்டரைக் கழற்றினால் அதன் தண்ணீர் சென்சாரும் போய்விடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பொருத்துவதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. எஞ்சின் அறைக்குள் இடம் இருந்தாலும், கண்ணாடிபோன்ற கிண்ணம் உள்ள வடிகட்டியை எஞ்சின் சூட்டுக்கும் டர்போவுக்கும் அருகில் வைப்பது தீ விபத்துக்கு வழிவகுக்கும் என்பதால் அந்த யோசனையை முதலிலேயே தள்ளிவிட்டோம். சேஸிஸின் உட்பக்கம், சைலன்ஸர் குழாய் போகும் பக்கத்துக்கு எதிர்ப்புறத்தில், டேங்குக்கு முன்னால் பொருத்தினோம். உயரமும் முக்கியம். டேங்கின் டீசல் மட்டத்துக்கு மேலே வடிகட்டி இருந்தால், வடிகால் திருகைத் திறந்ததும் தண்ணீர் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போய், பிறகு கைப்பம்பை அடித்து, குழாயில் சிக்கிய காற்றை (ஏர் லாக்) எடுத்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். மிகவும் தாழ்த்தி வைத்தால் தோட்டப் பாதையின் கல் கிண்ணத்தில் அடிக்கும். டேங்கின் நடு மட்டத்துக்கு இணையாக வைத்து, கீழே 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டால் காப்பு ஒன்றும் அடித்துக்கொண்டோம்.

ஹோஸ் விஷயத்தில் யாரும் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டாம். டீசலுக்கென்றே செய்த, எண்ணெயில் ஊறாத ஹோஸையே கேட்டு வாங்க வேண்டும். சாதாரண ரப்பர் ஹோஸ் சில மாதங்களில் உள்ளே உப்பி, துகள் துகளாக உதிரும். உள்விட்டம் கம்பெனிக் குழாய்க்குக் குறையக் கூடாது. மரை இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றுவது நம் பட்டறைகளில் பழக்கமாகிவிட்டது. அதன் நூலிழைகள் பிய்ந்து பம்புக்குள் போகக்கூடும் என்பதால், அதைத் தவிர்த்து வாஷர் வைத்த பேஞ்சோ போல்ட் (டீசல் போக உள்ளே துளையுள்ள போல்ட்) இணைப்பையே வைக்கச் சொன்னேன். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) நிப்பிள்களையும் மறுத்தேன், அந்தத் துத்தநாகப் பூச்சு டீசலோடு வினைபுரிந்து இன்ஜெக்டரில் படிவை உண்டாக்கும்.

இவ்வளவு கவனித்தும் முதல் வாரத்தில் தொல்லை வந்தது. காலையில் ஐந்தாறு முறை செல்ஃப் அடித்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆனது. ஸ்டார்ட் ஆனபின் எந்தக் குறையும் இல்லை. வெளியே ஒரு சொட்டு டீசல்கூடக் கசியவில்லை என்பதால், பேட்டரியை மாற்றலாம் என்ற அளவுக்குப் பேச்சு போயிற்று. எங்கள் பட்டறையின் மூத்த மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, “தம்பி, இது உறிஞ்சுற பக்கம். டீசல் கசியாது, காத்துதான் போகும்” என்று சொல்லி, வடிகட்டிக்கு அடுத்து ஓர் அடி நீளத்துக்கு நிறமற்ற ஹோஸைத் தற்காலிகமாக இணைத்தார். எஞ்சின் ஓடும்போது அதில் குமிழிகள் வரிசையாகப் போவதைக் கண்ணால் பார்த்தோம். தொகுதியோடு வந்த ஹோஸ் கிளிப் ஒன்று ஒருபக்கம் மட்டும் இறுகி, மறுபக்கம் ஹோஸைத் தூக்கிவிட்டிருந்தது. சுற்றிலும் சமமாக இறுக்கும் கிளிப்களை நான்கு இடத்திலும் மாற்றிய பின் அந்தத் தொல்லை மறுபடி வரவில்லை. இத்தகைய வடிகட்டியைப் பொருத்துகிற எவரும் இந்த நிறமற்ற ஹோஸ் சோதனையைச் செய்யாமல் பட்டறையை விட்டு வண்டியை எடுக்கக் கூடாது என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

அதே சமயத்தில் வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே பம்ப் எவ்வளவு கடினமாக உறிஞ்சுகிறது என்பதைக் காட்டும் சிறிய வாக்குவம் கேஜ் ஒன்றும் பொருத்தினேன். இது தொகுதியில் வருவதில்லை, தனியாக வாங்க வேண்டும். ஆனால் இந்த மாற்றத்தின் மிகப் பயனுள்ள பகுதி இதுதான் என்று கருதுகிறேன். புது எலிமென்டோடு, லோடு ஏற்றிய வண்டி மேட்டில் ஏறும்போது முள் இரண்டு அங்குலத்துக்குள் (பாதரச அளவில்) நின்றது. நான்கு அங்குலத்தைத் தொட்டபோது எலிமென்டை மாற்றினேன். அது ஏறத்தாழ 12,000 கிலோமீட்டரில் நிகழ்ந்தது. இரண்டாவது எலிமென்ட் 15,000 கிலோமீட்டரையும் தாண்டி ஓடியது. இடையில் பேரலைச் சுத்தம் செய்துவிட்டதே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

இனி வடிகட்டி எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்கிறேன். பொருத்திய முதல் மழைக்காலத்தில் கிண்ணத்தின் அடியில் விரல் கனத்துக்குத் தண்ணீர் நின்றதை மூன்று முறை பார்த்தேன். டீசலுக்கும் தண்ணீருக்கும் இடையே அந்தக் கோடு தெளிவாகத் தெரிந்தபோது, ஐம்பதாயிரம் ரூபாய் செலவழித்த மனத்துக்கு எவ்வளவு நிம்மதி என்பதை எழுத்தில் சொல்வது கடினம். அந்தப் பதினாறு மாதங்களில் டேஷ்போர்டில் ஃபில்டர் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. சர்வீஸில் மாற்றிய கம்பெனி ஃபில்டரைச் சுற்றிலும் அறுத்துப் பிரித்துப் பார்த்தோம். பழைய ஃபில்டரில் இருந்த கறுப்பு வழவழப்பு இதில் இல்லை, தாள் மடிப்புகள் ஒரே சீராகத் தேநீர் நிறத்தில் இருந்தன. ஆனால் டீசலோடு பால்போல் கலங்கிய தண்ணீரை இந்த வடிகட்டியால் முழுவதுமாகப் பிரிக்க முடியாது. பேரலை உருட்டிக்கொண்டுவந்து, அது தெளியும் முன்பே பம்ப் அடித்து ஊற்றிய நாளில், கிண்ணம் முழுவதும் மங்கலாகவே இருந்தது. ஓர் இரவு அசையாமல் வைத்திருந்த பேரலிலிருந்து, குழாயை அடியிலிருந்து ஒரு சாண் உயர்த்தி எடுத்த டீசலில் அந்த மங்கல் வரவில்லை.

குறைகளும் இருக்கின்றன. தொகுதியோடு வரும் பிராக்கெட் மெல்லிய தகடு. மலைப்பாதைக் குலுக்கலில் இரண்டாம் மாதமே விரிசல் கண்டதால், 5 மில்லிமீட்டர் தகட்டில் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. வடிகால் திருகு பிளாஸ்டிக்கால் ஆனது. சேறு படிந்த கையால் இருமுறை இறுக்கியதிலேயே அதன் விளிம்பு தேய்ந்துவிட்டது. சென்சாரின் இணைப்பில் தண்ணீர் புகாத உறை இல்லாததால், மழையிலும் வண்டி கழுவும்போதும் தேவையில்லாமல் பஸ்ஸர் அடித்தது. உறை போட்டு கிரீஸ் வைத்த பிறகுதான் அடங்கியது. கிண்ணத்தின் வெளிப்புறம் தூசியில் கீறல் விழுந்து மங்கிவருகிறது. ஒழுங்காகத் துணியால் துடைக்காமல் பார்த்தால், உள்ளே தண்ணீர் இருந்தாலும் தெரியாது. எலிமென்ட் போடியிலோ தேனியிலோ கிடைப்பதில்லை, கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்க வேண்டும். ஒன்று 650 ரூபாய். இவை எல்லாவற்றையும் கணக்கில் கொண்டால், கூடுதலாக மூன்று நான்காயிரம் கொடுத்து, உலோக வடிகாலும் கனமான பிராக்கெட்டும் உள்ள தொகுதியை வாங்கியிருக்கலாம் என்றே தோன்றுகிறது.

வாரண்டி காலம் முடியாத வண்டியில் இந்த வேலையைத் தொடங்கும் முன் சர்வீஸ் சென்டரில் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்வது அவசியம். டீசல் குழாயை வெட்டி இணைப்பதால், பின்னாளில் பம்போ இன்ஜெக்டரோ போனால் இதைக் காரணம் காட்ட இடமுண்டு. என் வண்டி அந்தக் காலத்தைக் கடந்துவிட்டிருந்தது. பங்க் டீசலின் மேல் சந்தேகம் இருப்பவர்கள், வடிகட்டி வாங்குவதற்கு முன், பங்கிலேயே அடர்த்தி அளந்து காட்டச் சொல்லலாம். அன்றைய பதிவேட்டு அளவுக்கும் உங்கள் முன் அளந்த அளவுக்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்பது விதி. வாடிக்கையாளர் கேட்டால் அளந்து காட்ட வேண்டியதும் அவர்களுடைய கடமை.

எங்கள் பேரல் இப்போது ஷெட்டுக்குள், இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் மூன்றும் ஒன்பதுமாக ஒரே மட்டத்தில் இருக்கும்படி படுக்கவைக்கப்பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது, கிண்ணத்தைத் துடைத்து, வடிகால் திருகை அரைச் சுற்றுத் திறந்து, வருவதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்க்கிறேன். தண்ணீர் வராமல் சுத்தமான டீசலே வரும் வாரங்கள்தான் இப்போது அதிகம். பின்சீட்டுக்கு அடியில் ஓர் எலிமென்டும், இரண்டு கிளிப்பும், ஓர் அடி நிறமற்ற ஹோஸும் எப்போதும் இருக்கின்றன.